ஊரைப் பார்த்தாயா, அம்மா?



சென்ற மாதம் ஒரு வாசகி எழுதிய கடிதம் என் மேஜை மேலேயே கிடக்கிறது. ஒவ்வொரு வாரமும் எடுத்துப் படிப்பேன். பதில் எழுத வேண்டும் என்று நினைப்பேன். அதற்குள் வேறு ஏதாவது விஷயம் முந்திக்கொள்ளும். இந்த வாரம் அதற்கு விடுதலை. கடிதத்தைக் கேளுங்கள்:

"பதினான்கு வருஷத்தில் நாலு தடவை கும்பகோணம் போயிருக்கிறேன். ஒரு தடவை நாத்தனாருக்குக் கல்யாணம் கூடி வரவேண்டும் என்று. ஒரு தடவை பையனின் பரீட்சைக்காக. இரண்டு தடவை மாமியாரின் வேண்டுதல். நாலு தடவையும் விடியற்காலை வாடகைக் காரில் ஏறி, ஒரே நாளில் ஒன்பது கிரகங்களையும் சுற்றிவிட்டு, இருட்டின பிறகு இறங்கினோம். காருக்குக் கொடுத்த பணத்தில் ஒரு மாத மளிகை வாங்கியிருக்கலாம். போன தடவை வீடு திரும்பியதும் என் பெண், 'கும்பகோணம் எப்படி இருந்தது? ஊரைப் பார்த்தாயா, அம்மா?' என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். செருப்பு விட்ட இடமும் காரின் பின் ஸீட்டுந்தான் நினைவுக்கு வந்தன! வருகிற லீவில் அவளையும் எங்கேயாவது அழைத்துப் போகலாம் என்றால், 'இந்த வருஷம் காலேஜ் பணம் கட்டவேண்டும். அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்கிறார் இவர். அடுத்த வருஷம் என்று ஒன்று வருமா?"

வராது, சகோதரி! நம் வீடுகளில் 'அடுத்த வருஷம்' என்பது அடுக்களைப் பரணில் ஏற்றி வைத்த வெண்கலப் பானை மாதிரி. இருக்கிறது என்று தெரியும், இறக்குகிறவர்தான் இல்லை. ஆகையால் இந்த வருஷமே போய்விட்டு வாருங்கள். எங்கே என்கிறீர்களா? அதே கும்பகோணத்துக்குத்தான்! ஐந்தாவது தடவையாக. ஆனால் இந்தத் தடவை வேண்டுதல் இல்லை, பரிகாரம் இல்லை, வாடகைக் கார் இல்லை. நீங்களும் உங்கள் பெண்ணும், கையில் ஒரு துணிப்பை, காலில் பழகின செருப்பு. அவ்வளவே. வேண்டுதலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது பகவானுக்குச் செலுத்த வேண்டிய கடன். ஆனால் கடன் தீர்க்கப் போகிற அவசரத்தில் ஊர் கண்ணில் படுவதில்லை என்றுதான் சொல்கிறேன்.

கும்பகோணம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. பெயர்தான் பெரிதாயிற்றே ஒழிய, ஊரின் நடு மையம் இன்றும் நம் கால்களுக்குள் அடங்கியது. வடக்கே காவேரி, தெற்கே அரசலாறு, இரண்டுக்கும் நடுவே கோயில்களும் குளங்களும் கடைத் தெருக்களும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். நடந்து போகக்கூடிய ஊர்தான் சிக்கனக்காரிக்கு ஏற்ற ஊர்.

எப்போது போவது? இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பிள்ளைகளுக்கு லீவு என்று மே மாதம் போனால் காவேரியில் மணலைத்தான் பார்க்கலாம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ந் தேதி பாசனத்துக்குத் திறப்பார்கள். ஜனவரி 28-ல் மூடுவார்கள். நீர் இருப்பைப் பொறுத்து இது சில வருஷம் முன்னே பின்னே ஆகும். ஆகவே காலாண்டுப் பரீட்சை லீவோ, அரையாண்டு லீவோதான் நல்லது. ஆறும் ஓடும், வெயிலும் தணிந்திருக்கும். கல்யாண முகூர்த்த நாட்களையும் சனிக்கிழமையையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால், விழுப்புரம், மாயூரம் வழியாக விடிகிற வேளைக்குக் கும்பகோணம் வந்துவிடலாம். மறுபடி அன்றிரவே திரும்பினால் ஜாகைச் செலவு மிச்சம். முன்கூட்டியே டிக்கெட் வாங்கிவிடுங்கள். கடைசி நிமிஷத்தில் வாங்கும் டிக்கெட்டுதான் பர்ஸுக்கு முதல் எதிரி.

ஸ்டேஷனிலேயே முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு, ஒரு காப்பி சாப்பிடுங்கள். 'கும்பகோணம் டிகிரி காப்பி' என்ற பலகை இப்போது தமிழ்நாட்டில் நெடுஞ்சாலை தோறும் தொங்குகிறது. பாலின் தரத்தைக் கருவி வைத்து 'டிகிரி' பார்த்ததால் வந்த பெயர் என்பார்கள். பித்தளை டவராவில் நுரை பொங்க வரும் அந்தக் காப்பியை அதன் சொந்த ஊரில் குடிப்பது ஒரு தனி கௌரவம் அல்லவா?

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் மகாமகக் குளம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இங்கே கூடும் கூட்டத்தைப் பத்திரிகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கடைசி மகாமகம் 2016-ல் நடந்தது, அடுத்தது 2028-ல். அப்போது இங்கே ஊசி குத்த இடம் இராது. மற்ற நாட்களில் விடியற்காலையில் வந்து பாருங்கள்! ஆறு ஏக்கருக்கும் அதிகமான தண்ணீர்ப் பரப்பு, சுற்றிலும் பதினாறு கல் மண்டபங்கள். தஞ்சை நாயக்க மன்னர்களிடம் மந்திரியாக இருந்த கோவிந்த தீட்சிதர் கட்டியவை இவை. படியில் உட்கார்ந்து, மண்டபங்களின் நிழல் தண்ணீரில் ஆடுவதைப் பாருங்கள். கட்டணம்? ஒரு காசு இல்லை.

அடுத்தது நாகேசுவரன் கோயில். முற்காலச் சோழர் காலத்துக் கட்டடம். ஆயிரத்து நூறு வயதுக்கு மேல் ஆயிற்று. சித்திரை மாதம் 11, 12, 13 தேதிகளில் சூரிய ஒளி சந்நிதிக்குள் புகுந்து லிங்கத்தின் மீது விழும் என்பது எல்லாரும் அறிந்தது. நான் உங்களைப் பார்க்கச் சொல்வது வேறு. தரிசனம் முடிந்ததும் கருவறையின் வெளிச் சுவரைச் சுற்றி வாருங்கள். மாடங்களில் ஏறக்குறைய ஆள் உயரத்துக்குப் பெண்களும் ஆண்களும் நிற்கிறார்கள். இவர்கள் அரச குடும்பத்தாரா, ராமாயண பாத்திரங்களா என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள். நமக்கு அந்த வழக்கு வேண்டாம். அந்தப் பெண்களின் கொண்டையைப் பாருங்கள். இடுப்பு ஆடையின் மடிப்பைப் பாருங்கள். உதட்டோரம் இருக்கும் அந்தச் சிரிப்பைப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டால் திரும்புகிற மாதிரியே நிற்பார்கள்! நாலு தடவையும் நீங்கள் இவர்களை வேகமாகத் தாண்டிப் போயிருக்கலாம்.

அங்கிருந்து சாரங்கபாணி கோயில். பதினோரு நிலைக் கோபுரம்; உயரம் 170 அடிக்கு மேல். ஸ்ரீரங்கம், திருப்பதிக்கு அடுத்தபடியாக வைணவர்கள் போற்றும் தலம். உள்ளே பெருமாளின் கருவறையே ஒரு தேர்! கல்லால் ஆன சக்கரங்கள். இழுத்துச் செல்லக் குதிரைகளும் யானைகளும். சந்நிதிக்கு இரண்டு வாசல்கள்: தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். வருஷத்தில் பாதி ஒரு வாசல், பாதி இன்னொன்று. நீங்கள் போகும்போது எது திறந்திருக்கும் என்று முன்கூட்டியே உங்கள் பெண்ணைச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது அந்தக் கோயிலின் சந்நிதித் தெருவுக்கு வாருங்கள். இங்கேதான் நான் உங்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கப் போகிறேன்.

ஓட்டுக் கூரையும் திண்ணையுமாக ஒரு சிறிய வீடு. கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இது. அவர் பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22-ந் தேதி. ஆனால் பிள்ளைப் பிராயமெல்லாம் இங்கேதான். இப்போது சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வீட்டைப் பாதுகாத்து வருகிறது. 2003-ல் அப்போதைய ஜனாதிபதி அப்துல் கலாம் இதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஒரு கட்டில், ஜன்னல், அடுக்களை. இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம். வராதீர்கள்! அந்த அடுக்களை வாசலில் சற்று நில்லுங்கள்.

அதை ஆண்டவள் கோமளத்தம்மாள். கணவருக்குத் துணிக் கடையில் குமாஸ்தா உத்தியோகம். மாதச் சம்பளம் சுமார் இருபது ரூபாய். அந்த அம்மாள் கோயிலில் பஜனை பாடி மாதம் ஐந்தோ பத்தோ கொண்டு வருவாளாம். மாணவர்களுக்கு வீட்டில் இடமும் சாப்பாடும் கொடுத்து இன்னும் கொஞ்சம் சேர்ப்பாள். இந்தக் கணக்கைப் போட்டுச் சரிக்கட்டியவள் அவள்தான். பிள்ளை போட்ட கணக்கு உலகத்துக்கே தெரியும். தாய் போட்ட கணக்கு இந்தச் சுவர்களுக்குத்தான் தெரியும்! காகிதம் விலை அதிகம் என்று பிள்ளை சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து அழித்து எழுதினார். விடையை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். அந்த நோட்டுப் புத்தகங்களைத்தான் இன்றும் பெரிய பெரிய கணித நிபுணர்கள் ஆராய்கிறார்கள்.

1904-ல் அவர் உபகாரச் சம்பளத்தோடு இந்த ஊர்க் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை. மற்றப் பாடங்களில் தேறாமல் போகவே உபகாரச் சம்பளமும் போயிற்று. கோமளத்தம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? நேரே கல்லூரித் தலைவரிடம் போய், என் பிள்ளைக்கு எப்படி இல்லை என்று சொல்லலாம் என்று வாதாடினாள்! அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் விதி விதிதான் என்று சொல்லிவிட்டார். அந்தக் கல்லூரியை மாலையில் பார்ப்போம். 'காலேஜ் பணம்' என்ற கவலை நம் வீட்டுக்கு மட்டும் வந்த புதுக் கவலை அல்ல என்பதை உங்கள் பெண்ணுக்கு இந்தத் திண்ணையில் வைத்துச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் படிப்பது வேறு. அந்த வீட்டு வாசலில் நின்று அம்மா வாயால் கேட்பது வேறு.

கோயில்களில் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். அதற்குள் ராமசாமி கோயிலையும் பார்த்துவிடலாம். ரகுநாத நாயக்கர் காலத்துக் கோயில். ராமரும் சீதையும் பட்டாபிஷேகக் கோலத்தில் சேர்ந்து வீற்றிருக்க, அனுமார் கையில் வீணை! முன் மண்டபத்துத் தூண்கள் ஒவ்வொன்றிலும் சிற்பம். பிரகாரச் சுவர் நெடுகிலும் ராமாயணம் முழுதும் சித்திரமாக எழுதியிருக்கிறது. டிக்கெட் வாங்காமல் பார்க்கும் சினிமா என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

மத்தியானச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸோ சிறிய ஹோட்டலோ போதும். காலை டிபனுக்குக் 'கடப்பா' கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பாசிப் பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து இட்டிலிக்குத் தொட்டுக்கொள்ளச் செய்வது. சாப்பிட்ட பின் வெற்றிலை. இந்த ஊர்க் கொழுந்து வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆற்று வண்டல் கொடுத்த இளசு அது.

கும்பேசுவரர் கோயிலுக்குப் போகும் வழியில் ஓர் எச்சரிக்கை! சந்நிதிக்குச் செல்லும் நீண்ட மண்டபத்தின் இரு பக்கமும் கடைகள். பித்தளைக் குடம், குங்குமச் சிமிழ், வளையல், மரச் சொப்பு... கண் பறிபோகும். பக்கத்து நாச்சியார்கோயிலில் வார்க்கும் குத்துவிளக்குகள் வேறு நம்மைப் பார்த்துப் பளபளக்கும். காலையிலிருந்து மிச்சம் பிடித்ததெல்லாம் இங்கேயே கரைந்துவிடும். நான் ஒரு வழி சொல்கிறேன். ஊரில் கிளம்பும்போதே, 'இவ்வளவுதான்' என்று ஒரு தொகையைத் தனிக் கவரில் போட்டு உங்கள் பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள். அம்மா கேட்டால் கொடுக்காத பொக்கிஷதாரிகள் இந்தக் காலத்துப் பெண்கள்தான்! திருபுவனத்துப் பட்டைப் பற்றி நான் வாயே திறக்கப் போவதில்லை. அது அடுத்த தீபாவளி விஷயம்.

மூன்று மணி வாக்கில் தாராசுரத்துக்கு டவுன் பஸ் ஏறுங்கள். நாலு கிலோமீட்டருக்குள்தான். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்ற ஏற்பாடு வந்தது. அந்த பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். வாடகைக் காருக்குக் கொடுத்த பணம் இப்போது ஞாபகம் வருகிறதா?

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில், இரண்டாம் ராஜராஜ சோழன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டியது. 2004-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். இதைக் குனிந்து பார்க்க வேண்டும். இங்கே சிற்பி மலையைச் செதுக்கவில்லை, நகையைச் செதுக்கியிருக்கிறான். விரல் நீளச் சிற்பங்கள் தூணுக்குத் தூண். ஒரு தலை, ஒரு பக்கம் மறைத்தால் யானை, மறு பக்கம் மறைத்தால் காளை! குதிரைகள் இழுக்கும் கல் ரத மண்டபம். தட்டினால் ஒலி எழுப்பும் படிகள். அவற்றைக் கம்பி போட்டுக் காத்து வைத்திருக்கிறார்கள். கருவறையைச் சுற்றி அடித்தளத்தில் அறுபத்து மூன்று நாயன்மார்களின் கதைகள் வரிசையாக. முதலை வாயிலிருந்து சுந்தரர் பிள்ளையை மீட்ட கதையைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை உங்கள் பெண்ணிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் புல்தரையில் கால் நீட்டி உட்காருங்கள். நாலு பிரயாணத்தில் ஒரு தடவையாவது அப்படி உட்கார்ந்ததுண்டா?

இன்னொரு நாள் கையில் இருந்தால் சுவாமிமலை. தமிழ் வருஷங்களின் பெயர் சொல்லும் அறுபது படி ஏறி முருகனைத் தரிசித்த பிறகு, ஸ்தபதிகளின் பட்டறைகளை எட்டிப் பாருங்கள். மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவேரியின் நயமான வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் பஞ்சலோகத்தை ஊற்றுவார்கள். நம் கோயில் உற்சவர்கள் பிறக்கும் வழி இதுதான்.

ஒரே நாள்தான் என்றால், பொழுது சாயும் முன் காவேரிக்கு வந்துவிடுங்கள். பகவத் படித்துறையில் கால் நனைத்துக்கொண்டு உட்காரலாம். மழைக் காலத்தில் இழுப்பு அதிகம். கடைசிப் படிக்கு இறங்க வேண்டாம். பிறகு கரையோடு சற்று நடந்தால் அக்கரையில் மரங்களுக்கு நடுவே பழைய கல்லூரி தெரியும். 1854-ல் தொடங்கியது, தென்னாட்டின் கேம்பிரிட்ஜ் என்று புகழ் பெற்றது. உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை இங்கே தமிழ் கற்பித்தார். இந்த ஊர் முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று அவரைக் கேட்ட கேள்விதான் தமிழ்நாட்டுக்குப் பழைய நூல்களையெல்லாம் மீட்டுக் கொடுத்தது. சிந்தாமணி அச்சில் வந்த வருஷமும் 1887. ராமானுஜன் பிறந்த வருஷமும் 1887! ராமானுஜன் படித்த நாளில் இங்கே பாலம் கிடையாது. மாணவர்கள் படகிலோ, தண்ணீர் வற்றினால் மணலில் நடந்தோதான் போய் வந்தார்கள். பிள்ளைக்காக வாதாடி, 'இல்லை' என்ற பதிலோடு ஒரு தாய் திரும்பியதும் இந்த ஆற்றைத் தாண்டித்தான்.

அந்தப் படியில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். 'நேரமாச்சு, கிளம்பு' என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ரயில் இரவில்தானே?

இனி வீட்டுக்காரரிடம் காட்டக் கணக்கு. பார்த்த குளம், கோயில், சிற்பம், ஆறு எதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. சிறப்புத் தரிசனச் சீட்டு வாங்கியே ஆகவேண்டிய கட்டாயமும் இல்லை. செலவு என்பது ரயில் டிக்கெட், இரண்டு வேளை டிபன், ஒரு சாப்பாடு, காப்பி, அர்ச்சனைத் தட்டு, அப்புறம் அந்தத் தனிக் கவர். வாடகைக் கார்ச் சீட்டுக்குப் பக்கத்தில் இதை எழுதிக் காட்டுங்கள். 'அடுத்த வருஷம்' என்ற பேச்சே எழாது. 'நானும் வரட்டுமா?' என்று அவர் கேட்டாலும் கேட்பார்! தாராளமாக அழைத்துப் போங்கள். பஸ்ஸில் அவருக்கு மட்டும் டிக்கெட் வாங்க வேண்டும். அதை நீங்களே வாங்குங்கள்.

சகோதரி, போய் வந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். 'ஊரைப் பார்த்தாயா, அம்மா?' என்று உங்கள் பெண் இனிமேல் கேட்கமாட்டாள். அவளும்தானே பார்த்திருப்பாள்!

அடுத்த வாரம் சந்திப்போம்.